சிவப்பு நூல் கட்டிய செடிகள்

எங்கள் வீட்டுக்குள் நகப்பூச்சு நுழையக் கூடாது. கண்ணாடி வளையல் வரலாம், சாந்துப்பொட்டு வரலாம், மருதாணியை முழங்கை வரைக்கும் அப்பிக்கொள்ளலாம். நகப்பூச்சு மட்டும் ஆகாது. கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். என் மனைவி பரிமளா மூடியைக்கூடத் திறக்காமல் அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்றாள். அவள் பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆய்வகத்தில் நாள் முழுக்க ஃபார்மலின் நெடியில் நிற்கிற மூக்குக்கு நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதாம். புது மாப்பிள்ளை இதையெல்லாம் குடைந்து கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? விட்டுவிட்டேன்.

2007 பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்குப் போயிருந்தோம். வளையல் கடை முன்னால் எங்கள் மகள் அனிதா நின்றுவிட்டாள். நீட்டிய விரல் ரோஸ் நிற நகப்பூச்சைக் காட்டியது. பரிமளா முடியாது என்றாள். பிள்ளை அழ ஆரம்பித்தாள். நான் வாங்கிக் கொடுக்கப் போனேன், பரிமளா என் கையைத் தட்டிவிட்டாள். அத்தனை கூட்டத்தில் பெண்டாட்டி கையைத் தட்டிவிட்டால் எனக்குக் கோபம் வராதா? பொதுவாகவே எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னால் நடக்கும். எறையூர் சர்க்கரை ஆலையில் எடைமேடை வேலை. தினமும் கரும்பு லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் குரலே உரத்துப் போய்விட்டது.

"புள்ள ஆசையாக் கேக்குது. அதுல என்னா குத்தத்தக் கண்டுட்ட?" என்று கத்தினேன்.

 அவள் பார்வை வேறு எங்கோ இருந்தது. அந்தக் கோயிலுக்கு விவசாயிகள் தங்கள் கொல்லையில் விளைந்ததில் முதலில் எடுத்ததைக் கொண்டுவந்து பெருமாளுக்குக் கொடுப்பார்கள். யாரோ ஒருவர் தலையில் சுமந்து வந்த பருத்தி மூட்டையை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார். பரிமளா அதைப் பார்த்தபடியே அழுதுவிட்டாள்.

"அந்த வருசம் எங்க பக்கத்துக் கொல்ல பச்சையம்மா அத்த பெருமாளுக்குப் பருத்தி கொண்டாரல. என்னாலதாங்க" என்றாள்.

தேர் நிலைக்குத் திரும்பும்வரை கோயில் மதிலோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அனிதா பஞ்சுமிட்டாயில் சமாதானமாகிவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து என் மனைவி ஏன் நகப்பூச்சைத் தொடமாட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பரிமளாவின் ஊர் வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். அவளுடைய அப்பா அமிர்தலிங்கத்துக்குக் கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் சோளமும் உண்டு. மகள் திருச்சியில் தாவரவியல் பட்டம் முடித்து, 1996-இல் சென்னையில் பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது ஊரே அவரை விசாரித்தது. அவர் எல்லோரிடமும் மகள் வேளாண்மை அதிகாரி ஆகப்போகிறாள் என்றே சொன்னார். தாவரவியல் வேறு, வேளாண்மை வேறு என்று பரிமளா சொல்லிப் பார்த்தாள்.

"செடியப் பத்தித்தான படிக்கிற?"

"ஆமாப்பா."

"பெறகென்ன?"

என் மாமனாரோடு யாரும் பேசி ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதன்பிறகு பரிமளா விடுமுறைக்கு வந்தால் போதும், ஆளுக்கொரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். இது ஏன் சுருளுது, இது ஏன் பழுக்குது, இதுக்கு என்ன மருந்து. அவளுக்கு அந்த இலையின் குடும்பம் தெரியும், லத்தீன் பெயர் தெரியும், நரம்பு எப்படி ஓடுகிறது என்று படம் போடத் தெரியும். மருந்து தெரியாது. தெரியாது என்று சொல்ல முதலில் கூச்சமாக இருந்ததாம். பிறகு அந்த மரியாதை பிடித்துப் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு உயிர் வந்தது. திருச்சியில் நாலு பேருக்கு ஒரு நுண்ணோக்கி. இங்கே ஆளுக்கு ஒன்று. ஒரு பெரிய கூடத்தில் தரையிலிருந்து உத்தரம்வரை அலமாரிகள், அவற்றுக்குள் காய்ந்த செடிகளைத் தாளில் வைத்துத் தைத்து அடுக்கியிருப்பார்களாம். வெள்ளைக்காரன் காலத்துத் தாள்கள். சேர்ந்த புதிதில் யாரோடும் பேச்சு வராமல், ஆங்கிலத்துக்குப் பயந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் போய் ஒதுங்கிக்கொள்வாளாம். ஒருநாள் ஒரு தாளைத் திறந்தால் நெருஞ்சி. எங்கள் பக்கத்து நெருஞ்சி, காலில் குத்துகிற அதே நெருஞ்சி, மஞ்சள் பூ வெளுத்துப் போய்ப் படுத்திருந்தது. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது என்றாள். அன்றிலிருந்து அவளுக்குப் பயம் போய்விட்டது.

இரண்டாம் வருடம் ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். பரிமளா இலைத்துளையை எடுத்துக்கொண்டாள். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றனவாம். செடி அவற்றின் வழியாகத்தான் காற்று வாங்கும், தண்ணீரை ஆவியாக வெளியே விடும். மண் காய்ந்தால் வாயை மூடிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் வளர்கிற பருத்திக்கும் மழையை மட்டும் நம்பி நிற்கிற மானாவாரிப் பருத்திக்கும் இந்த வாய்களில் என்ன வித்தியாசம், அதுதான் ஆய்வு. கிணற்றுப் பருத்தி அப்பாவுடைய கொல்லையில் இருந்தது. மானாவாரிப் பருத்தி அதை ஒட்டினாற்போல் பச்சையம்மாளின் கொல்லையில் இருந்தது. அவளை வழிநடத்திய பேராசிரியை கண்டிப்பானவர். "ஒரே மூலையில எடுத்துட்டு வந்து என் முன்னால நிக்காத. கொல்லை முழுக்கப் பரவலா செடிகளைப் பொறுக்கி அடையாளம் வைக்கணும். இல்லேன்னா கணக்கு செல்லாது" என்று சொல்லி அனுப்பினார்.

இலையின் வாயை எப்படிப் பார்ப்பது? அங்கேதான் நகப்பூச்சு வருகிறது. நிறமில்லாத நகப்பூச்சை இலையின் அடியில் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு உரித்தால், இலையின் தோல் அப்படியே அச்சாக வந்துவிடும். அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு வாயும் தெரியும்.

1997 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவள் பையில் இந்தப் பாட்டில்கள் நிறைய இருந்தன. என் மாமியார் ரத்தினம்மாள் பையைத் திறந்து பார்த்துவிட்டார். மெட்ராஸ் போய் இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று ஆரம்பித்தவர், மகள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகத்தில் ஒன்றுமில்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கிவிட்டது.

"ஒங்கையில ஒண்ணையுங் காணும். அப்ப யாருக்குடி இது?"

பரிமளா விளக்கினாள். இலைக்கு என்றதும் ரத்தினம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "எலைக்கு நகச்சாயம் பூசறேன்னு வெளில சொல்லித் தொலைக்காத. அமிர்தலிங்கம் பொண்ணு மெட்ராசு போயிப் பித்துப் புடிச்சு வந்துட்டான்னு பேசுவாளுவ. நாளைக்கி ஒன்னப் பொண்ணு பாக்க வர்றவன் என்னா நெனைப்பான்?" என்றார். அதோடு விடவில்லை. எல்லாவற்றையும் காலி டானிக் பாட்டில் ஒன்றில் ஊற்றி மேலே இருந்த காகிதத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார். பிற்பாடு அந்த வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போனவன் நான்தான். நான் அப்படியெல்லாம் ஒன்றும் நினைத்திருக்கமாட்டேன். அதை இப்போது சொல்லி என்ன பயன்?

மறுநாள் காலையில் பரிமளா டானிக் பாட்டிலும் ஒரு உருண்டை சிவப்பு நூலுமாகப் பச்சையம்மாளின் கொல்லையில் இறங்கினாள். பச்சையம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. புருசன் செல்லமுத்து கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். கொல்லை, வீடு, பன்னிரண்டாவது படிக்கிற மகள் பூங்குழலி, எல்லாம் அவள் பொறுப்பில். சொந்தம் ஒன்றுமில்லை, ஆனால் பரிமளா அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில் அவள் வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பாளாம்.

பேராசிரியை சொன்ன மாதிரியே கொல்லை முழுக்க நடந்து, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று செடிகளைத் தேர்ந்து தண்டில் சிவப்பு நூல் கட்டினாள். பிறகு ஒவ்வொன்றிலும் இலையைத் திருப்பிப் பிரஷ்ஷால் தடவினாள். பச்சையம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"என்னா மருந்து பரிமளா இது? நெடி தூக்கியடிக்குது."

பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பரிமளாவுக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இலையின் வாயைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது போய்விடும், மத்தியானம் பஸ்ஸுக்கு வேறு போக வேண்டும்.

"ஆமாத்த, ஒரு மாதிரி மருந்துதான்" என்றாள்.

"புழுவுக்கா?"

"எல்லாத்துக்குந்தான்" என்று சிரித்து மழுப்பினாள். கிளம்பும்போது, "இந்த நூலு கட்டுன செடில மட்டும் வேற மருந்து படாம பாத்துக்குங்கத்த. பட்டா எனக்கு எல்லாம் கெட்டுப்போயிடும். பொங்கலுக்கு வந்து மறுபடி எடுக்கணும். என் படிப்பே இதுலதான் இருக்கு" என்று சொன்னாள்.

"நீ நிம்மதியா போயிட்டு வா. நான் பாத்துக்குறேன்" என்றாள் பச்சையம்மாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பின்னாலேயே பச்சைப்புழு வந்தது. காயைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்து தின்கிற புழு. ஊரில் எல்லோரும் தெளிப்பானைத் தோளைவிட்டு இறக்காமல் மருந்தடித்தார்கள். என் மாமனாரும் அடித்தார். ஓரளவு தப்பியது. பச்சையம்மாள் மட்டும் அடிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்த பரிமளா அந்தக் கொல்லையைப் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டாள். இலைகள் இருந்தன, காய்கள் இல்லை. இருந்த காய்களும் ஓட்டை விழுந்து கறுத்துச் சொத்தையாகத் தொங்கின. அழிந்து கிடந்த கொல்லையில் சிவப்பு நூல்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. மழையிலும் காற்றிலும் ஒரு நூல்கூட அவிழவில்லை. நாம் நல்ல முடிச்சாகத்தான் போட்டிருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் நினைத்தாளாம்.

ஏன் மருந்தடிக்கவில்லை என்று ஊரே பச்சையம்மாளைக் கேட்டிருக்கிறது. அசந்துட்டேன், இவ்வளவு புழு வரும்னு நெனைக்கல என்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். புருசன் வெளியூர் போனதும் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் படுத்துக் கிடந்தாள் என்று பேசினார்கள். பரிமளாவுக்கு விசயம் புரிந்துவிட்டது. தன் டானிக் பாட்டிலை மருந்து என்று நம்பித்தான் அத்தை சும்மா இருந்திருக்கிறாள், ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாளாம். ஆனால் இரண்டாவது தடவை அச்சு எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஆய்வைக் கொடுத்தாக வேண்டும். அதனால் அழிந்து நின்ற அந்தக் கொல்லைக்குள் இறங்கி, நூல் கட்டிய ஒவ்வொரு செடியாகப் போய் இலையைத் திருப்பிப் பூசினாள். பச்சையம்மாள் கூடவே வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"அதாங்க எனக்கு ஆறல. தெரியாம ஒரு பொய் சொன்னேன், போவட்டும். பயிரு போனத கண்ணால பாத்துட்டும் எலைய எடுத்தேன் பாருங்க" என்றாள் பரிமளா, புளியமரத்தடியில்.

ஆய்வுக்கு நல்ல பெயர் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மானாவாரி இலை அச்சுகளைப் பார்த்துவிட்டு, கொல்லையில் எடுத்த இலையில் பூச்சிமருந்துக் கறை இவ்வளவு இல்லாமல் இருந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாராட்டினாராம். பரிமளா முதல் வகுப்பில் தேறினாள், வேலையும் கிடைத்தது. அந்த வருடம் செல்லமுத்து கேரளாவிலிருந்து வந்து, வெறுங்கொல்லையைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது முடித்திருந்த பூங்குழலியைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். பூங்குழலி பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்குகிற பெண். அவள் பஸ் ஏறிய அன்றைக்குப் பரிமளா ஊரில்தான் இருந்தாள். வழியனுப்பப் போகவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பல விசயம் விளங்கியது. மாமனார் ஊருக்குப் போனால் பரிமளா பச்சையம்மாள் வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவாள். ஆனால் பொங்கலுக்குப் பச்சையம்மாளுக்குப் புடவை போகாமல் இருக்காது. அதையும் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். என் பெண்டாட்டிக்குத் தாராள மனசு என்று நான் ஆலையில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் எல்லோரும் சொல்கிறதைத்தான் சொன்னேன். புழு வந்ததற்கு நீ என்ன செய்வாய், அது அவர்கள் நேரம் என்றேன். அப்படித்தான் பத்து வருசமாச் சொல்லிப் பாக்குறேன், மனசு கேக்கமாட்டேங்குது என்றாள். எனக்கு மறுபடி கோபம் வந்தது.

"அப்ப போய்ச் சொல்லிடு. சொல்லிட்டா தீந்துது. இப்புடியே உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டுப் புள்ளையப் போட்டு அழ வெக்காத."

"சொன்னா அத்த என்னைய வெறுத்துடுவாங்க. எங்கம்மாவவிட அவங்கதாங்க எனக்கு."

"வெறுத்தா வெறுக்கட்டும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடுமுல்ல?" என்றேன். லாரியை மேடையில் ஏற்றினால் எடை தெரிந்துவிடும் என்கிற மாதிரி பேசினேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். பச்சையம்மாள் வாசலில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாப்ள, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று எழுந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பரிமளா மோரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அது மருந்து இல்லை. நகத்துக்குப் பூசுவது. அம்மாவுக்குப் பயந்து பொய் சொன்னேன். நீங்க அத நம்பி மருந்தடிக்காம விட்டுட்டீங்க. ஒங்க பருத்தி போனதுக்கு நாந்தான் காரணம்.

பச்சையம்மாள் மறுபடி முறத்தைக் கையில் எடுத்திருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நகச்சாயந்தான்னு தெரியுமே."

பரிமளா நிமிர்ந்தாள்.

"பூங்குழலி எலைய மோந்து பாத்துட்டு அன்னைக்கே சொல்லிட்டா. அம்மா, இது நகப் பாலிசும்மா, அக்கா என்னமோ புதுசா பண்றாங்கன்னு. நாங்க ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. எலைக்குச் சிங்காரம் பண்ணி உடுறா பாருன்னு."

"அப்ப ஏன் அத்த மருந்தடிக்கல?"

"நீதான படக் கூடாதுன்ன?"

"நூலு கட்டுன செடில மட்டுந்தான சொன்னேன்!"

"நீ கொல்ல முழுக்கவுல்ல கட்டிட்டுப் போயிருந்த. ஒரு மூலையாக் கட்டிருந்தீன்னா மிச்சத்துக்கு அடிச்சிருப்பேன். தெளிப்பான அமுக்குனா காத்து எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போவும்னு யாரு கண்டா? படிப்பே இதுலதான் இருக்குன்னு வேற சொல்லிட்ட. இன்னைக்கி அடிப்பமா, நாளைக்கி அடிப்பமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். புழு முந்திக்கிச்சு."

பரிமளா மோர் டம்ளரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கீழே வைத்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள்.

"எதுக்கு? நீ படிக்கிறத உட்டுப்புட்டு அழுவறதுக்கா? ஊருல சொன்னா ஒங்கப்பா காதுக்குப் போவும். அடுத்தவ பயிர அழிச்சுப் படிக்கிற படிப்பு வேண்டாம்னு கூட்டிக்கிட்டு வந்துருப்பாரு. ஒங்கப்பா கோவம் எனக்குத் தெரியாதா? இந்த ஊருலேருந்து அம்புட்டுத் தூரம் படிக்கப் போன மொதப் பொண்ணு நீ. நீ நல்லபடியா முடிச்சுட்டு வந்தாத்தான, எம்பொண்ணையும் அனுப்புன்னு நான் எங்கூட்டுக்காரருகிட்ட நின்னு பேச முடியும்னு இருந்தேன்."

இதைச் சொல்லும்போதுதான் முறம் நின்றது. பச்சையம்மாள் எள்ளில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அது நடக்கல. போவுது, என்னா பண்றது" என்று மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று கூட்டி வந்த பெரிய மனுசன் நான். ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்து ஒருத்தி பத்து வருடம் வெந்துகொண்டிருந்தாள். ஏமாற்றவே இல்லை, தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள். இதற்கு அதுவே தேவலாம் போலிருந்தது. வெறுப்பார்கள் என்று பயந்து வந்தவளை அந்த அம்மாள் ஒரு சொல் திட்டியிருந்தால்கூடப் பரிமளா தாங்கிக்கொண்டிருப்பாள்.

கிளம்பும்போது பச்சையம்மாள் கேட்டாள்: "ஆமா, அதுல என்னதான் பாத்த நீ? அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். பஸ்ஸுக்குப் பறந்துட்ட."

பரிமளா அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சொன்னா வெளங்காது அத்த. நேருலயே காட்டுறேன்" என்றாள்.

அந்த வாரத்திலேயே பச்சையம்மாளைப் பெரம்பலூருக்குக் கூட்டி வந்தோம். சலவைப் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். கல்லூரிக்கு விடுமுறை, ஆய்வகத்தில் யாருமில்லை. பரிமளா பீரோவிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தாள். அந்தப் பழைய அச்சுகள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை அவள் இத்தனை வருடமும் வைத்திருந்தது எனக்கே தெரியாது. ஒன்றைத் துடைத்து நுண்ணோக்கியில் பொருத்தி, அத்தையை முக்காலியில் உட்கார வைத்து, பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணுந் தெரியலயே. என் கண்ணு மயிருதான் தெரியுது."

"கிட்ட வெச்சுப் பாருங்கத்த. இன்னொரு கண்ண மூடிக்குங்க." பரிமளா பின்னால் நின்று திருகைத் திருப்பினாள். "இப்ப?"

பச்சையம்மாள் இன்னொரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "அட, வாயி!" என்றாள். "எம்புட்டு வாயி! மூடிக்கிட்டு இருக்கு."

"மழ இல்லாத நாள்ல எடுத்தது அத்த. தண்ணி போயிடக் கூடாதுன்னு மூடிக்கிட்டு நிக்கிது."

"இது எங்கொல்லையா?"

"ஒங்க கொல்லதான். கெழக்கால வேம்பு நிக்குமுல்ல, அதுக்குப் பக்கத்துச் செடி."

பச்சையம்மாள் சிரித்தாள். பரிமளாவும் சிரித்தாள். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள், அன்றைக்குப் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுச் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து நாளாகிவிட்டது. சரி, ஒருவழியாக இறங்கிவிட்டது பாரம் என்று நினைத்தேன்.

பச்சையம்மாள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பூங்குழலி ஆடிக்குத் திருப்பூருலேருந்து வருவா. அவளுக்கும் ஒருதடவ காட்டு பரிமளா. மழையில நூலு அவுந்து அவுந்து போவும். பள்ளிக்கொடம் உட்டு வந்ததும் கொல்லைக்குப் போயி எல்லாத்தையும் அவதான் திரும்பத் திரும்பக் கட்டி உடுவா. அக்கா வந்து தேடுவாங்கம்மான்னு."

பரிமளா "காட்டுறேன் அத்த" என்றாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் போய்விட்டாள். பச்சையம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தக் கண்ணாடித் துண்டைப் பரிமளா பெட்டியில் திருப்பி வைக்காமல் வெளியிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். பூங்குழலியை உட்கார வைத்துத் திருகைத் திருப்பிக் காட்டிவிடலாம், அது ஒன்றும் கஷ்டமில்லை என்கிறாள். அவள் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு இந்தத் தடவை யோசனை சொல்ல வாய் வரவில்லை.